மருந்தே உண்ணாத குழந்தைக்கு மருந்துக்கு அடங்காத கிருமி

(பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மருத்துவம் சார்ந்த ஒரு பொருள். நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்து, மென்பொருள் துறையில் பணியாற்றி வருபவன். நம் அமைப்பு ஊருக்கு அனுப்பி வைக்கும் மருந்துப் பொதிகளின் பட்டியலைக் கணினியில் பேணும் தொண்டன் என்ற முறையில்தான் இந்தப் பொருளுக்குள் நுழைந்தேன். அந்தப் பட்டியலில் மிகுதியாக இடம்பெறுபவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். வீட்டில் நாம் ஆன்டிபயாட்டிக் என்று சொல்வது இவற்றைத்தான். இவை சென்று சேரும் ஏழை நாடுகளின் வீடுகளில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அறிவியலாளர்கள் கண்டறிந்தவற்றைப் படித்தேன். அவற்றையே இங்குத் தொகுத்துரைக்கிறேன். உரையின் இறுதியில் ஒரு வேண்டுகோளையும் உங்கள் முன் வைப்பேன்.

நோபல் மேடையில் ஒரு குடும்பக் கதை

பெனிசிலினை 1928ஆம் ஆண்டு கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கின்றனர். அதற்காக 1945ஆம் ஆண்டு அவருக்கும், அதை மருந்தாக வளர்த்தெடுத்த புளோரி, செயின் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நிகழ்த்திய நோபல் உரையில் பிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலி கண்ட ஒருவர் கடையில் பெனிசிலின் வாங்கி, போதிய அளவின்றி உட்கொள்கிறார். அவர் தொண்டையில் இருந்த கிருமிகள் சாகாமல், மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. அக்கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா காய்ச்சல் வருகிறது. பெனிசிலின் பலனளிக்காமல் அவர் இறந்துபோகிறார்.

இந்தக் கதையில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியவர் கணவர், உயிரிழந்தவர் மனைவி. மருந்து எதிர்ப்பு என்பது ஒருவர் செய்த பிழையின் விளைவை அதே வீட்டில் வாழும் இன்னொருவர் சுமக்கும் நிலை என்பதை அந்த அறிஞர் அன்றே உணர்த்திவிட்டார். ஆனால் நாமோ இன்றுவரை, "நான் மாத்திரையை ஒழுங்காகத்தான் உட்கொள்கிறேன், எனக்கு என்ன கவலை?" என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கதையில் வரும் மனைவியின் இடத்தில் பிறந்து பத்து நாட்களான ஒரு குழந்தையை வைத்து எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை தன் வாழ்நாளில் ஒரு சொட்டு மருந்தையும் அருந்தியதில்லை. இருந்தும் அதன் குடலில், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி குடியேறியிருக்கிறது. எப்படி? இதுவே இன்றைய உரையின் வினா.

குடியேற்றம் வேறு, நோய் வேறு

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஒவ்வொருவர் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை, அல்லது தீங்கு செய்யாதவை. குழந்தை பிறக்கும்போதும், பிறந்த பின் வரும் நாட்களிலும் இந்த நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றாக வந்து குடியேறுகின்றன. இது இயற்கையான நிகழ்வு. குழந்தையின் செரிமானத்திற்கும் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் இது தேவையானதும்கூட.

இவ்வாறு வந்து சேரும் நுண்ணுயிர்களில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவையும் உள்ளன. இவற்றுள் சில வகைகள், மருந்தைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்க வல்லவை. அவற்றில் முதன்மையான ஒரு குழுவை மருத்துவர்கள் இ.எஸ்.பி.எல். என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இந்த நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவிடம் பெனிசிலின் வகை மருந்துகள் மட்டுமன்றி, செஃப்ட்ரையாக்சோன், செஃபோடாக்சைம் போன்ற வலிமை மிக்க ஊசி மருந்துகளும் பெரும்பாலும் தோற்றுப் போகின்றன.

இத்தகைய கிருமி குடலில் இருப்பதே நோயாகிவிடாது. அதைச் சுமப்பவர்களில் மிகப் பலர் எந்த நோயும் இன்றி நலமாக வாழ்கின்றனர். ஆகவே இந்த உரையைக் கேட்டு எந்தத் தாயும் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எடை குறைந்த, குறைமாதத்தில் பிறந்த, அல்லது வேறு காரணத்தால் நலிவுற்ற குழந்தையின் குடலிலிருந்து அக்கிருமி இரத்தத்துக்குள் புகுந்துவிட்டால், குருதி நச்சுப்பாடு என்னும் கடும் நோய் உண்டாகிறது. அப்போது மருத்துவர் கையிலெடுக்கும் முதல் மருந்து பலனளிக்காவிட்டால், அடுத்த மருந்தைத் தேடுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பச்சிளங் குழந்தைக்கு ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய தாமதம்.

கணினித் துறையினர் எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. இந்த எதிர்ப்பு ஆற்றலுக்கான மரபணுக் கட்டளைகள் பல வேளைகளில் பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதியில் எழுதப்பட்டிருப்பதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் தனியான சிறு வளையத்தில் அவை எழுதப்பட்டுள்ளன. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பை எடுத்துச் செல்லும் பென் டிரைவ் போல, இந்த வளையத்தின் படி ஒன்றை ஒரு பாக்டீரியா இன்னொரு பாக்டீரியாவுக்கு வழங்கிவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தீங்கற்ற ஒரு குடல்வாழ் பாக்டீரியா தான் சுமந்துவரும் வளையத்தை நோய்க்கிருமி ஒன்றிடம் கையளிக்கக்கூடும்.

எண்கள் சொல்லும் செய்தி

உலக நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் பிறந்து 28 நாட்கள் நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 இலட்சம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள், எல்லா வயதினரையும் சேர்த்து, 2019ஆம் ஆண்டில் 12.7 இலட்சம் பேர் என்று 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பச்சிளங் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளால் உண்டாகும் குருதி நச்சுப்பாட்டினால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,14,000 குழந்தைகள் இறப்பதாக, அதே இதழில் 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நிகழ்ந்த ஆய்வும், இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், எத்தியோப்பியா, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் பின்னர் நிகழ்ந்த பர்னார்ட்ஸ் என்னும் பெரும் ஆய்வும், மருத்துவமனைகளில் இந்த இடர் எவ்வளவு கடுமையானது என்பதை வெளிக்கொணர்ந்தன. ஏழு நாட்டு ஆய்வில் குழந்தைகளின் இரத்தத்தில் முன்னணியில் இருந்த கிருமிகளில் ஒன்று கிளெப்சியெல்லா. உலகச் சுகாதார நிறுவனம் பச்சிளங் குழந்தைகளின் குருதி நச்சுப்பாட்டுக்கு முதலில் பரிந்துரைப்பது ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டும் சேர்ந்த மருத்துவம். கிளெப்சியெல்லாவோ இயல்பிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காதது. இரண்டில் ஒன்று முன்பே கைவிட்ட நிலையில், எஞ்சிய ஒன்றையும் எதிர்க்கும் ஆற்றலை அது பெற்றுவிட்டால் ஓர் ஏழை நாட்டு மருத்துவர் என்ன செய்வார்?

மருத்துவமனை என்ற ஒரு வாயிலை மட்டும் அடைத்துவிட்டால் போதும் என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். ஆனால் ஏழை நாடுகளில் தாயும் சேயும் மருத்துவமனையில் கழிப்பது பெரும்பாலும் ஓரிரு நாட்களே. வீட்டிலேயே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. முதல் மாதத்தின் மிகப் பெரும் பகுதி வீட்டில்தான் கழிகிறது. எனவே ஆய்வாளர்களின் பார்வை வீட்டின் பக்கம் திரும்பியது. மடகாஸ்கர், செனகல், கம்போடியா ஆகிய நாடுகளில், கருவுற்ற தாய்மாரை அவர்கள் வாழும் ஊர்களிலேயே சந்தித்துப் பதிவு செய்து, குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வீட்டுக்குள் வரும் நான்கு வழிகள்

முதல் வழி தாய். பிறப்பின் போதும் அதன் பின்னரும் தாயின் குடல்வாழ் நுண்ணுயிர்கள் குழந்தைக்குச் செல்கின்றன. தாய் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமியைச் சுமந்தால் குழந்தையும் அதைப் பெறும் வாய்ப்பு மிகுதி. இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை. அவரும் அதைத் தன் சூழலிலிருந்தே பெற்றார்.

இரண்டாம் வழி கைகளும் படுக்கையும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு உலகின் மிக ஏழ்மையான நாடுகளுள் ஒன்று. அதன் தலைநகரில், மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட 408 சிறுவர்களை ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் சோதித்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 32.6 விழுக்காட்டினர், இ.எஸ்.பி.எல். கிருமிகளைக் குடலில் சுமந்தனர். எந்தச் சிறுவர்களுக்கு இது மிகுதியாக இருந்தது என்று ஆராய்ந்தபோது தெரியவந்த காரணங்களுள் ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட இன்னொரு சிறுவருடன் ஒரே படுக்கையில் உறங்குவது. ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில் தனிப் படுக்கைக்கு எங்கே போவது? வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று. கிருமிக்கும் குழந்தைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமையும் வறுமையே.

மூன்றாம் வழி நீரும் தரையும் கால்நடைகளும். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவியில் 300 வீடுகளைத் தொடர்ந்து பின்பற்றிய ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. அங்கே சோதிக்கப்பட்ட மனித மல மாதிரிகளில் பத்தில் நான்கிலும், விலங்குகளின் மாதிரிகளில் பத்தில் மூன்றிலும், ஆற்று நீர் மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டிலும் எதிர்ப்பாற்றல் கொண்ட ஈ.கோலை காணப்பட்டது. மழைக்காலத்தில் இது மிகுந்தது. உணவுப் பொருட்களைக் கால்நடைகள் தீண்டும் வீடுகளிலும் மிகுந்தது. கழிவு நிலத்தில் கலந்து, மழையில் கரைந்து, ஆற்றில் சேர்ந்து, குடத்தில் ஏறி மீண்டும் வீட்டுக்குள் வருகிறது. வங்கதேசத்தின் ஊர்ப்புற வீடுகளின் மண் தரையிலிருந்து எடுக்கப்பட்ட ஈ.கோலை கிருமிகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டவை குறைந்தது ஒரு மருந்தையாவது எதிர்த்தன என்று இன்னோர் ஆய்வு காட்டியது. தவழும் குழந்தை அந்தத் தரையில்தான் விளையாடுகிறது. தவழாத குழந்தையைத் தூக்கும் கையும் அந்தத் தரையைத் தொட்ட கைதான்.

நான்காம் வழி மருந்தே. தாயோ, அண்ணனோ, அக்காவோ தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி உட்கொள்ளும்போது அவர்கள் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிகின்றன. அங்கே உண்டாகும் வெற்றிடத்தில், மருந்தைத் தாங்கி நின்ற கிருமி பல்கிப் பெருகுகிறது. பெருகியது முன்சொன்ன மூன்று வழிகளிலும் பரவுகிறது. அதாவது நான்காம் வழி மற்ற மூன்றுக்கும் தீனி போடுகிறது.

எது பயன் தருகிறது, எது தரவில்லை

சிக்கலைக் கூறினால் தீர்வையும் கூற வேண்டும் அல்லவா? இங்கே ஆய்வுகள் நமக்கு எளிதான விடையைத் தரவில்லை என்பதை நேர்மையுடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

வங்கதேசத்தின் நகர்ப்புறங்களில் பொதுக் குழாய்களில் குளோரின் கலக்கும் கருவிகளைப் பொருத்தி ஓர் ஆய்வு நடந்தது. சிறுவர்களின் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் அவர்கள் குடலில் இ.எஸ்.பி.எல். கிருமிகளின் இருப்பு குறையவில்லை என்று 2022இல் முடிவு வெளியானது. குடிநீர் ஒரு வழி மட்டுமே. மற்ற வழிகள் திறந்தே இருந்தன. எனினும் வயிற்றுப்போக்கு குறைந்தால் மருந்தின் தேவையும் குறையும். வங்கதேசத்தில் குடிநீர், கழிப்பறை, கைகழுவுதல், ஊட்டச்சத்து ஆகியவற்றை மேம்படுத்திய வேறொரு பெரிய ஆய்வில், சிறுவர்கள் நுண்ணுயிர்க்கொல்லி உட்கொள்வது 10 முதல் 14 விழுக்காடு குறைந்தது. அதே முறையைக் கென்யாவில் பின்பற்றியபோது அந்தப் பயன் காணப்படவில்லை. ஓர் ஊரில் பலித்தது மறு ஊரிலும் பலிக்கும் என்ற உறுதி இல்லை என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

மகப்பேற்றின் போது தாய்க்கு அசித்ரோமைசின் என்னும் மருந்தை ஒரே ஒரு முறை கொடுத்தால் தாயும் சேயும் காக்கப்படுவார்களா என்று ஏழு நாடுகளில் 29,278 பெண்களிடம் சோதித்தனர். 2023இல் முடிவு வெளிவந்தது. தாய்மாரிடம் கடும் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது பெரும் பயன். ஆனால் குழந்தைகளின் குருதி நச்சுப்பாடும் இறப்பும் குறையவில்லை. குழந்தையைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் ஒரு மாத்திரையின் மீது சுமத்த இயலாது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. தெற்கு நேபாளத்தில் ஊர்ப்புறக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. மகப்பேறு பார்த்தவரும் தாயும் இருவருமே கை கழுவிய வீடுகளில், முதல் மாத இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. கை கழுவுவோர் வேறு வகையிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், அந்தக் குறைவு முழுவதையும் சோப்புக்கே உரிமையாக்க முடியாது. ஆயினும் இவ்வளவு மலிவான ஒன்று இவ்வளவு பெரிய வேறுபாட்டோடு சேர்ந்து நிற்பது எண்ணத்தக்கது.

ஒடிசா மாநிலத்தின் சிற்றூர்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் வெளியானது. நன்மை செய்யும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒரு வகைச் சர்க்கரையையும் ஏழு நாட்கள் கொடுத்தனர். குருதி நச்சுப்பாடோ இறப்போ நேர்ந்த குழந்தைகளின் பங்கு 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. கெட்ட கிருமி வந்து அமரும் முன் நல்ல நுண்ணுயிரை அமர்த்துவதே இதன் அடிப்படை. இதைக் கேட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் பொடிகளை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவைக் கொண்டு, எடை மிகவும் குறையாத குழந்தைகளிடம், ஆய்வாளர்கள் மேற்பார்வையில் செய்த ஆய்வு. குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருட்களால் தீங்கு நேரக்கூடும்.

தாய்ப்பால் பற்றியும் ஒரு சொல். பின்லாந்தில் தாய்-சேய் இணைகள் சிலவற்றை ஆராய்ந்து 2018இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், குறைந்தது ஆறு மாதம் தாய்ப்பால் அருந்திய குழந்தைகளின் குடலில் எதிர்ப்பாற்றல் கொண்ட பாக்டீரியாக்கள் குறைவாகவே இருந்தன. தாய்ப்பாலில் உள்ள சர்க்கரைகள் நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கின்றன என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இது நம் வீட்டுக்கும் வரும் செய்தி

"ஏழை நாட்டு வீடுகளைப் பற்றிய செய்தி, வளர்ந்த நாட்டில் வாழும் நமக்கு என்ன?" என்று இளையோர் எவரேனும் கேட்கலாம். விடை நம் கடவுச்சீட்டில் இருக்கிறது.

நெதர்லாந்திலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய 2,001 பயணிகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. புறப்படும் முன் இ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்களில் 34.3 விழுக்காட்டினர் திரும்பி வரும்போது அதைச் சுமந்து வந்தனர். தென் ஆசியா சென்று வந்தவர்களிடம் இது 75.1 விழுக்காடு. நால்வர் ஊருக்குப் போனால் மூவர் கொண்டு வருகிறார்கள். பயணத்தின் போது நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டவர்களுக்கு வாய்ப்பு மேலும் கூடியது. பெரும்பாலோரிடம் சில வாரங்களில் கிருமி மறைந்தது, ஆனால் 11.3 விழுக்காட்டினரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது. அதை வீட்டிலுள்ள இன்னொருவருக்குக் கடத்தும் வாய்ப்பு 12 விழுக்காடு என்றும் அந்த ஆய்வு கணித்தது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விடுமுறையைக் கழித்துத் திரும்பும் நம் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இதற்காக ஊருக்குப் போவதை நிறுத்த வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம். பேரப்பிள்ளையைக் காணத் தவமிருக்கும் பாட்டி, தாத்தாவை விடவும் நமக்கு உறவென்று வேறு யார்? செய்ய வேண்டியவை எளியவை. குழந்தையைத் தூக்கும் முன் யாராயினும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். "மாமி, கொஞ்சம் கை கழுவிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சேனை வைத்தல் என்று பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை அன்போடு எடுத்துரைத்து மறுத்துவிடுங்கள். பிறந்த வீட்டுத் தீட்டென்று வருவோரைச் சில நாட்கள் விலக்கி வைத்த நம் மூத்தோருக்கு நுண்ணுயிரியல் தெரிந்திருந்தது என்று நான் கூற மாட்டேன். ஆனால் முதல் சில வாரங்கள் பலரும் கைமாற்றித் தூக்காமல் இருப்பது குழந்தைக்கு நல்லதே.

பச்சிளங் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சுட்டாலும், அல்லது வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், அசைவின்றிச் சோர்ந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அப்போது மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி உயிர் காக்கும் மருந்து. அதை மறுக்காதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அண்மையில் ஊருக்குப் போய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள்.

பழி கூறுவதற்கு அன்று

2010ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்து, பிற நாட்டு அறிஞர்களோடு இணைந்து எழுதிய கட்டுரை, என்.டி.எம்.-1 என்னும் எதிர்ப்பு நொதி இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளில் பரவியுள்ளதைக் காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, டில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அதற்கான மரபணுவைக் கண்டது. அந்த நொதிக்கு ஒரு நகரின் பெயரைச் சூட்டியது குறித்து அன்று பெரும் சர்ச்சை எழுந்தது. ஆனால் 2012ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, மருந்து எதிர்ப்பை எதிர்கொள்ளச் சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை முன்வைத்தன. பழியை மறுப்பதிலேயே காலத்தைப் போக்காமல் செயலில் இறங்கிய அந்த வழியே நமக்கும் உகந்தது.

இங்கே இன்னொரு பக்கத்தையும் மறக்கலாகாது. ஏழை நாடுகளில் மருந்து மிகையாகப் பயன்படுவதால் மட்டும் குழந்தைகள் இறக்கவில்லை. உரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்காமலும் இறக்கின்றனர். ஆகவே மருந்தே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. தேவையான குழந்தைக்கு மருந்து கிடைக்க வேண்டும். கிடைக்கும்போது அது வேலை செய்யவும் வேண்டும்.

என் வேண்டுகோள்

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் நன்கொடையாகக் குவிந்தன. அங்கே பாதிக்கப்பட்ட மக்களோ 20 இலட்சத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலான மருந்துகளின் உறையில் அவர்களுக்குப் புரியாத மொழி. 600 டன் மருந்தை அழிக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவர் நெஞ்சில் இரக்கம் இருந்தது. கொடுத்த பொருளில் பயன் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1996இலேயே மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை வகுத்து, பின்னர் திருத்தியும் வெளியிட்டது. கேட்டுப் பெறாத மருந்தை அனுப்பாதீர்கள், ஒருவர் பயன்படுத்தி எஞ்சியதை அனுப்பாதீர்கள், சென்று சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலமாவது செல்லுபடியாக வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

நம் பொதிகளை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். வீட்டு அலமாரியில் எஞ்சிய அமாக்சிசிலின் அரைப் பட்டை, யாரோ ஒரு பிள்ளைக்கு வாங்கிய மருந்து மீதம். இவற்றை நாம் அன்போடு கட்டி அனுப்புகிறோம். ஊரில் ஒரு வீட்டில் சளிக்கும் இருமலுக்கும் அவை கொடுக்கப்படுகின்றன. அவை சளியைக் குணமாக்குவதில்லை. ஏனெனில் சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். ஆனால் அந்த வீட்டுக் கிருமிகளுக்கு அவை பயிற்சி அளிக்கின்றன. அதே வீட்டில் அடுத்த மாதம் ஒரு குழந்தை பிறக்கக்கூடும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இனி நம் பொதிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சேர்ப்பதை நிறுத்துவோம். ஊரிலுள்ள மருத்துவமனை எழுத்து மூலம் கேட்டால், கேட்ட மருந்தை, அங்கேயே வாங்குவதற்குப் பணமாக அனுப்புவோம். மீதமாகும் தொகையை, மகப்பேற்றுப் பிரிவுகளுக்கு நீர்த்தொட்டி, கைகழுவும் தொட்டி, சோப்பு, தூய்மையான கழிப்பறை ஆகியவற்றுக்குச் செலவிடுவோம். உலகில் மருத்துவ நிலையங்களில் பாதியளவில், நோயாளரைப் பார்க்கும் இடத்திலும் கழிப்பறையிலும் கை கழுவும் அடிப்படை வசதி முழுமையாக இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022இல் அறிவித்தன. அனைத்து நாடுகளும் தம் மருத்துவ நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த அடிப்படை வசதிகளை ஏற்படுத்த வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற அரசியல் அறிக்கையும் வலியுறுத்துகிறது. நாம் கேட்பது புதுமையான ஒன்று அன்று. உலகம் ஒப்புக்கொண்டதை நம் ஊரில் நிறைவேற்ற உதவுவதே.

இளையோர்களே, உங்களுக்கும் பணி உண்டு. ஒவ்வொரு பொதியும் எங்கே போனது, யார் பெற்றார், என்ன பயன் விளைந்தது என்று பதிவு செய்யும் முறை நம்மிடம் இல்லை. அதை உருவாக்க உங்களில் ஐந்து பேர் முன்வந்தால், நான் அறிந்த கணினி அறிவு முழுவதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வேன். தொட்டி கட்டியதும் நம் கடமை முடிந்துவிடாது. ஆறு மாதம் கழித்து அந்தக் குழாயில் நீர் வருகிறதா, அருகில் சோப்பு இருக்கிறதா என்று கேட்டறிவதும் அந்தப் பதிவின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, பொதிகளுக்குக் கொண்டுவந்த மருந்துகளை இன்று வாயிலில் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் நுண்ணுயிர்க்கொல்லி இருந்தால் திரும்ப எடுத்துச் சென்று உங்கள் ஊர் மருந்துக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள். குப்பையிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். எவை என்று ஐயமிருந்தால், என் மேசைக்கு வாருங்கள்; பட்டியல் அங்கே இருக்கிறது.